சதவீதம் சாரும் ஆறாவது கோடும்

நெய்வேலி நகரியத்தில் ஒழுகிய ஒவ்வொரு குழாய்க்கும் ஜாதகம் எழுதி வைத்திருந்த ஒரே மனிதர் சதவீதம் சார்தான். எந்த பிளாக், எந்த வீடு, எந்தக் கிழமை ஒழுக ஆரம்பித்தது, யார் வந்து பார்த்தார்கள், என்ன சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்கள், மறுபடி எப்போது ஒழுகியது, எல்லாம் அவரிடம் இருந்தது. அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

நான் அப்போது குவார்ட்டர்ஸ் பராமரிப்பு அலுவலகத்தில் உதவியாளர். குழாய், கரண்ட், கதவு, சாக்கடை, தெருவிளக்கு என்று ஐந்து பிரிவுக்கும் வரும் புகார்களை நோட்டில் எழுதுவது என் வேலை. வாட்ஸ்அப் புதிதாக வந்திருந்த காலம். ஊரே செல்போனில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் அனுப்பிக்கொண்டிருந்தது. புகார் மட்டும் நோட்டில்தான்.

சுரங்கத்தில் ஒரு ஷிஃப்டுக்கு எவ்வளவு மண் வெட்டினார்கள் என்று எழுதிக்கொண்டிருந்த சதவீதம் சாரை, முழங்கால் வலிக்காக எங்கள் அலுவலகத்துக்குப் புகார்க் கணக்கு பார்க்க மாற்றினார்கள். மண் போனாலும் கணக்கு அவரை விட்டுப் போகவில்லை. முதல் நாள் மதியம் மரியாதைக்கு, “சாப்பிட்டீங்களா சார்?” என்று கேட்டேன்.

“அறுபது பர்சன்ட்மா. மோர் சாதம் பாக்கி இருக்கு.”

சாயங்காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் வந்ததும் என்னிடம் கேட்டார்: “நேத்து எத்தனை புகார் வந்துச்சு? எத்தனை முடிஞ்சுது?”

“எல்லாமே முடிஞ்சுது சார்” என்று நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘அட்டெண்டட்’ என்று சிவப்பு மையில் அழகாக எழுதியிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேசையிலிருந்து ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குவளையை எடுத்தார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. பேசியது இருபத்தோராம் பிளாக் ஜெயக்கொடி அக்கா. வீட்டுக்காரர் சுரங்கத்தில் பெர்மனென்ட். அக்காவின் சமையலறைக் குழாய் எங்கள் நோட்டில் ஐந்து முறை ‘அட்டெண்டட்’ ஆகியிருந்தது.

“ஏம்மா, ஒங்க ஆபீஸ்லேந்து ஒருத்தரு வந்தாரு. கொழாயிக்கு அடியில குவளைய வெச்சிட்டு கைக் கடியாரத்தப் பாத்துக்கினே குந்திக்கினு இருக்காரு. பேசவும் மாட்டேங்குறாரு. பாவமா இருக்கேன்னு மோர் குடுத்தா, இது எத்தினி மில்லின்னு கேக்குறாரு. ரிப்பேர் பண்ண வந்தவரா, இல்ல ஒடம்பு சரியில்லாதவரா?”

அவர் திரும்பி வந்ததும் குழாய்ப் பிரிவு சூப்பர்வைசர் தண்டபாணியைக் கூப்பிட்டார். தண்டபாணி பக்கத்துக் கிராமத்துக்காரர். ஆறடி உயரம், இடி போன்ற குரல், சர்வீஸில் யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

“அட்டெண்டட்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு மணி நேரத்துல குவளை நெறைஞ்சு வழியுதே?”

“அட்டெண்ட் பண்ணோம்னா போய்ப் பாத்தோம்னு அர்த்தம் சார். சரி பண்ணோம்னு யாரு சொன்னா?”

சதவீதம் சார் நோட்டை மூடினார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “மைன்ஸ்ல ஒருத்தன் மண்ணைப் பாத்துட்டு வந்து வெட்டினதா எழுத முடியாதும்மா.”

அடுத்த திங்கட்கிழமை சுவரில் ஒரு படம் தொங்கியது. பழைய காலண்டர் தாள்களை முதுகுப் பக்கமாக ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் ஐந்து பிரிவுக்கும் ஐந்து கோடுகள். வந்த புகாரில் எத்தனை சதவீதம் நிஜமாகவே சரியானது என்று காட்டும் கோடு. சாக்கடைக் கோடு கொசுவின் கால் அளவுதான் இருந்தது. அது முதல் ஒவ்வொரு திங்கள் காலை பத்து மணிக்கும் ஐந்து சூப்பர்வைசர்களும் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று அதிகாரியிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டார். எங்கள் அதிகாரி எதிலும் அவசரப்படாதவர், மறுத்துப் பேசவும் தெரியாதவர். சரி என்றார். சூப்பர்வைசர்கள் அந்தக் கூட்டத்துக்குப் பேரன்ட்ஸ் மீட்டிங் என்று பெயர் வைத்தார்கள். பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளைகள் மாதிரியேதான் நின்றார்கள். தெருவிளக்கு சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே தெருத்தெருவாகப் போய் எந்த விளக்கு எரியவில்லை என்று எண்ணிப் பார்ப்பாராம்.

இரண்டு மாதத்தில் அற்புதம் நடந்தது. குழாய்ப் பிரிவுக் கோடு விறுவிறுவென வளர்ந்து சுவரின் மறுமுனையைத் தொட்டது. நூறு சதவீதம். தண்டபாணி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார். சதவீதம் சாரின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

“நூறா? ஒலகத்துல எதுவும் நூறு கெடையாதும்மா. நான் கல்யாணத்துக்குச் சம்மதிச்சதே எம்பதுதான்.”

குவளையோடு மறுபடி சைக்கிள் ஏறினார். விஷயம் ஜெயக்கொடி அக்காவின் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது. “புகார் எழுத வந்தேன், அந்த ஒசரமான தம்பி ஆபீஸ் வாசல்லயே மடக்கிட்டாரு. நோட்டு தீந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்கன்னாரு. நானும் நாலு வாரமா வந்துகினு கீறேன், நோட்டு தீந்துகினே கீது.”

புகாரே வாங்காவிட்டால் பாக்கி எங்கிருந்து வரும்? அலுவலகமே கை கொட்டிச் சிரித்தது. தண்டபாணிக்கு இன்று பூசை உண்டு என்று நாங்கள் எல்லோரும் ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து நின்றோம். ஆனால் சதவீதம் சார் கோபப்படவில்லை. தண்டபாணியை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

“தப்பு ஒங்க மேல இல்ல தண்டபாணி. நான் கேட்ட கேள்விதான் தப்பு. எத்தனை முடிச்சீங்கன்னு கேட்டேன். ஒரே வூட்லேந்து எத்தனை தடவ திரும்ப வருதுன்னு கேட்டிருக்கணும். அது கெடக்கட்டும், ஒண்ணு சொல்லுங்க. ஏன் சரி பண்ண முடியல?”

தண்டபாணி டீ கிளாஸைக் கீழே வைத்தார். இத்தனை வருட சர்வீஸில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலும். அவருடைய குரல் அவ்வளவு இறங்கி அன்றுதான் கேட்டேன்.

“வாசர் இல்ல சார். ஸ்டோருக்கு எழுதிப் போட்டா வர்றதுக்கு ஒரு மாசம் ஆவுது. அதுவரைக்கும் நூல சுத்திக் கட்டிட்டு வர்றோம். அது நாலு நாளு தாங்கும். பொம்பளைங்க திட்டுறாங்க. நான் எங்க போயி சொல்றது?”

குழாய்க்குள் போடும் ஒரு சின்ன ரப்பர் வளையம். அதற்கு ஒரு மாதம். சதவீதம் சாருக்குக் கண்கள் பளபளத்தன. அடுத்த மூன்று வாரம் அவர் குழாய் பின்னால் போகவில்லை, காகிதத்தின் பின்னால் போனார். வாசர் கேட்டு எழுதும் சீட்டு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்குகிறது என்று குறித்தார். தண்டபாணியும் கூடவே போனார். ஒல்லியான சதவீதம் சார் முன்னால், ஆறடி தண்டபாணி பின்னால். ஸ்டோர்காரர் ஏதோ சோதனைக்கு வந்துவிட்டார்கள் என்று பயந்து அலமாரியைத் துடைத்து வைத்தாராம்.

மறு திங்கட்கிழமை புதுப் படம் தொங்கியது. இந்தத் தடவை கோடு நீளமாக இருந்தால் தாமதம் என்று அர்த்தம். ஐந்து கோடுகளும் ஒரு முழம், இரண்டு முழம் இருந்தன. அவற்றுக்குக் கீழே ஆறாவதாக ஒரு கோடு காலண்டர் தாளைத் தாண்டி, ஜன்னல் சட்டத்தைத் தாண்டி, பீரோவின் மேல் ஏறிப் போயிருந்தது.

அன்றைக்குப் பார்த்து அதிகாரியே கூட்டத்துக்கு வந்தார். கோட்டின் கூடவே நடந்து பீரோ வரை போனார்.

“இது எந்த செக்ஷன்? இவ்வளவு மோசமா வேலை பாக்கறது யாரு?”

சதவீதம் சார் மிகவும் பணிவாகச் சொன்னார்:

“அது ஒங்க மேசைங்க சார். சீட்டு கையெழுத்துக்கு வந்தா சராசரியா பத்தொம்பது நாள் இருக்குது.”

அதிகாரி படத்தைக் கிழிக்கச் சொல்லிக் கை நீட்டினார். யாரும் அசையவில்லை. தண்டபாணிதான் முன்னால் வந்தார்.

“கிழிக்கலாங்க சார். ஆனா அந்த ஒரு கோட்டை மட்டும் எடுக்கக் கூடாதுங்க. எடுக்கறதா இருந்தா எங்க அஞ்சு கோட்டையும் சேத்து எடுத்துடணும்.”

அதிகாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, சதவீதம் சாரைத் தோட்டப் பிரிவுக்கு மாற்ற ஓர் ஆர்டர் டைப் அடிக்கச் சொன்னார். அடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வழக்கம்போல அதையும் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. விஷயத்தை நான் அன்றே சதவீதம் சாரிடம் சொல்லிவிட்டேன். பத்து நாளாயிற்று, ஆர்டர் வரவில்லை. சதவீதம் சார் தினம் காலையில் என் ஜன்னலுக்கு வந்து, “இன்னிக்கு எத்தனாவது நாள்மா?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். “சராசரிப்படி பாத்தா இன்னும் ஒம்பது நாள் இங்க இருப்பேன்” என்றார்.

ஆனால் அதிகாரிக்கு அந்த ஆறாவது கோடு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பன்னிரண்டாம் நாள் திடீரென்று, “இனிமே என் மேசைல ரெண்டு நாளுக்கு மேல ஒரு காகிதம் இருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கையெழுத்துப் போட உட்கார்ந்தார். வாசர் சீட்டு, பல்பு சீட்டு, கதவுக் கீல் சீட்டு எல்லாம் மளமளவென்று வெளியே வந்தன. மேசை துடைத்தாற்போல ஆயிற்று. அந்த வேகத்தில், அடியில் கிடந்த மாற்றல் ஆர்டரும் கையெழுத்தாகி வந்துவிட்டது.

அதைச் சதவீதம் சாரிடம் கொடுக்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரோ தேதியைப் பார்த்தார்.

“பன்னெண்டு நாளா? பத்தொம்பதுலேந்து பன்னெண்டு. நல்ல முன்னேற்றம்மா.”

ஸ்கெட்ச் பேனாவை எடுத்துப் பீரோவின் மேல் போயிருந்த கோட்டை வெட்டி, ஜன்னலுக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, குவளையோடு தோட்டப் பிரிவுக்குப் போனார்.

அந்த வாரமே வாசர் வந்தது. தண்டபாணி ஆளை அனுப்பாமல் தானே போய் ஜெயக்கொடி அக்காவின் குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தார். அதிகாரியும் சுவரில் இருந்த படத்தைக் கிழிக்கவில்லை. யாராவது மேலதிகாரி வந்தால், “இது எங்க ஐடியா” என்று காட்ட ஆரம்பித்தார்.

சதவீதம் சார் ஓய்வுபெற்று மேல்பட்டாம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு போன பிறகு ஒரு தடவை பார்க்கப் போயிருந்தேன். அலுவலகத்தில் இப்போது தண்டபாணி தினமும் காலையில் வந்ததும், “திரும்ப வந்தது எத்தினி?” என்றுதான் கேட்கிறார் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு அவருடைய மனைவி போட்ட காபிக்கு என்னிடம் மார்க் கேட்டார். தொண்ணூற்றைந்து என்றேன். அவர் தொண்ணூறு என்றார். உள்ளேயிருந்து பாத்திரம் ஒன்று பலமாக வைக்கப்பட்டது. தொண்ணூற்றைந்துக்கே ஒப்புக்கொண்டார்.

பண்ருட்டி பஸ்ஸில் ஏற்றிவிடக் கூடவே வந்தார். நான் உட்கார்ந்த பிறகும் கீழே நின்று ஜன்னல் ஜன்னலாக எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பியதும் கண்டக்டர் குனிந்து கேட்டார்: “யாரும்மா அவுரு? எத்தினி சீட்டு காலி, எத்தினி நிமிசம் லேட்டுன்னு எங்கிட்ட கணக்கு கேக்குறாரு?”

“எங்க பெரியப்பா” என்று சொல்லி டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.