பளபளாவின் புது வேன்

பளபளாவைப் போல ஒரு வண்டியை நேசித்த மனிதர் தமிழ்நாட்டிலேயே கிடையாது. அந்த நேசத்தால் என்னைப் போல அலுத்துப்போனவளும் கிடையாது. காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த நான்கு வருடங்களில் என்னைக் களைப்பாக்கியவை மூன்று: கத்திரி வெயில், தறிகளின் பழுது, பளபளா. முதல் இரண்டும் அவ்வப்போது ஓய்வு கொடுத்தன.

ஒரு நெசவாளர் சங்கத்தின் நூல் கிடங்கில் அவர் டிரைவர். பட்டு நூலைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோவதும், சாயம் ஏறியதைப் பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் நெசவாளர்களிடம் சேர்ப்பதும் வேலை. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துச் சேர்ந்த எனக்குத் தறிகளோடு வண்டியையும் கவனிக்கும் பொறுப்பு. ஆகவே வண்டியோடு அவரையும். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருந்தது. புது வேன் வந்த பிறகு யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

பத்து வருடம் அவர் ஓட்டிய பழைய பிக்கப் வேன் சாம்பல் நிறம். மாதம் ஒரு முறை தண்ணீர் ஊற்றுவார், அவ்வளவுதான். அது இரண்டு முறை மாட்டு வண்டியில் இடித்து ஒரு முறை மதில் சுவரில் உரசியும் தகரம்தான் நசுங்கியது, பெயிண்ட் போகவில்லை. பிறகு புது வேன் வந்தது. கரும்பச்சை நிறம். பானெட்டில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். "இன்னா பளபளப்பு, இன்னா பளபளப்பு" என்று அன்று மாலைக்குள் நாற்பது முறையாவது சொல்லியிருப்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

மறுநாளே சட்டங்களும் வந்தன. ஏறுபவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வளையல் போட்ட கை கதவில் படக்கூடாது. மரத்தடியில் நிறுத்தமாட்டார், மேலே காக்கை இருக்கும். நடு வெயிலில் நிறுத்துவார். திரும்பி வந்து உட்கார்ந்தால் சீட் தோசைக்கல். தறி பார்த்துக் களைத்து வரும் நான் பாதி நாள் பின்னால் நூல் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டே பயணம் செய்திருக்கிறேன்.

ஒரு காலை மேனேஜரோடு அவசரமாக ஒரு கூட்டத்துக்குப் போனோம். நெசவாளர் தெருமுனையில் பளபளா எஞ்சினை அணைத்துவிட்டார். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டிப் பாவு போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அதன்மேல் கஞ்சி தெளித்துக்கொண்டே நடந்தார்கள்.

"ஏன்யா நின்னுட்ட?" என்றார் மேனேஜர்.

"கஞ்சி தெளிக்கிறாங்க சார். வண்டி மேல பட்டுச்சுன்னா வெள்ளை வெள்ளையா புடிச்சிக்கும்."

"ஓரமா போயேன்யா. அதான் இடம் இருக்குதே."

"இடம் இருக்குது சார். அது கஞ்சிக்குத் தெரியுமா?"

மேனேஜர் இறங்கி, ஃபைல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடியே நடந்து போனார். அதை அவர் மறக்கவில்லை.

மூன்றே மாதத்தில் புது வேனின் பெயிண்ட் அப்பளம் போல உப்பியது. பிறகு உதிர்ந்தது. டீக்கடையில் கேட்டார்கள்: "இன்னாபா, வண்டிக்கு அம்மை போட்டுக்கினு இருக்குதா? வேப்பிலை கட்றதுதானே." பளபளா டீ குடிப்பதையே விட்டுவிட்டார்.

மேனேஜருக்குக் காரணம் தயாராக இருந்தது. "தாமல் ஏரிக்கரை ரோட்டுல கண்ணு மண்ணு தெரியாம ஓட்டறான். கல்லடிச்சு பெயிண்ட் போவுது. நீ பாத்து ரிப்போர்ட் எழுதும்மா. வண்டிய வேற ஆளுகிட்ட குடுத்துட்டு, இவனை வாசல் காவலுக்குப் போட்டுடறேன்." இரண்டு நாள் தவணை கொடுத்தார்.

அன்று பிற்பகல் பளபளா என் மேசைக்கு வந்தார். "எஞ்சினியரம்மா, இருவது வருசமா ஓட்டறேன். ஒரு கோழியை அடிச்சது கெடையாது. கண்டபடி ஓட்டனேன்னு மட்டும் எழுதிடாதம்மா. வேற இன்னா வேணா எழுதிக்கோ."

"கண்ணால பாக்கிறதைத்தான் எழுதுவேன்ணா" என்றேன்.

நோட்டுப் புத்தகத்தோடு வண்டியைச் சுற்றி வந்தேன். கல் தெறிக்கும் இடங்களை முதலில் குறித்தேன்: சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, கதவின் அடிப்பாகம், பின்பக்கக் கீழ்த்தகடு. மூன்றிலும் சின்னக் கீறல்கள் இருந்தன, பெயிண்ட் முழுசாக இருந்தது. கல் எட்டவே எட்டாத பானெட்டும் கதவின் மேல்பாதியும்தான் உரிந்திருந்தன. ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையைப் பார்த்தேன். சுற்றிலும் ஓரம் போயிருந்தது. நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு, வந்த நாளில் இருந்தது போலவே மின்னியது.

பளபளா குள்ளமானவர். "அண்ணா, கையைக் கூரை மேல நீட்டுங்க" என்றேன். எக்கி நீட்டினார். அவர் விரல் நுனி நின்ற இடத்தில் உரிவும் நின்றிருந்தது.

"தினம் கழுவுறீங்களா?"

"ரெண்டு வேளை."

"எந்தத் தண்ணியில?"

அவர் முகத்தில் பல நாள் கழித்துப் பெருமை வந்தது. "சேறு படற அடிப்பக்கத்துக்குத்தான் சாதா தண்ணி. முகத்துக்கும் மேலுக்கும் அதை ஊத்துவேனா? பட்டறையில பட்டு வேவ வெச்ச தண்ணிம்மா. சூடு ஆறறதுக்குள்ள ரெண்டு பக்கெட்டு எடுத்தாந்துடுவேன். நார் மாதிரி போற பட்டு அதுல முங்கி எப்படி மின்னிக்கினு வருது, நீயே பாத்திருக்கியே."

பார்த்திருக்கிறேன். கச்சாப் பட்டின் மேலுள்ள பசை கரைவதற்காகச் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் அது. பசையைக் கரைப்பது பெயிண்டில் உள்ள எண்ணெயையும் கரைக்கும். அதுவும் சூடாக, இரண்டு வேளை, தேய்த்துத் தேய்த்து.

"பழைய வண்டிக்கும் ஊத்தினீங்களா?"

"கெழவிக்கு எதுக்கும்மா ஸ்நோ பவுடரு?"

நான் விளக்கிச் சொன்னேன். பானெட்டில் உப்பியிருந்த ஒரு இடத்தை, அழுத்தினால் வலிக்கும் என்பது போலத் தொட்டார்.

"அப்போ நான்தான் உரிச்சிருக்கேன்."

"ஆமாண்ணா." வேறு எதையாவது சொல்லித் தேற்றும் தெம்பு எனக்கு இல்லை.

"அதையே எழுதிடும்மா. பெயிண்ட் அடிச்சவன் மேல போடாத, அவன் ஒழுங்காத்தான் அடிச்சிருக்கான். என் கையிலதான் தப்பு. காலுல இல்ல. ஆக்சிலேட்டர்ல வெச்ச காலு சுத்தம்னு எழுது."

ஒரு பக்கத்தில் எழுதினேன். உரிந்த இடங்கள், உரியாத இடங்கள், தண்ணீரில் என்னென்ன இருந்தன. வேகமாக ஓட்டியதற்கு அடையாளம் எதுவும் இல்லை. காரணம் என்ற இடத்தில், அளவுக்கு மீறிய பராமரிப்பு.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு இன்னாம்மா தண்டனை?"

"ரூல் புக்கை முழுசா பாத்துட்டேன் சார். பராமரிக்காம விட்டாத்தான் தண்டனை இருக்குது."

அவர் நீண்ட மூச்சு விட்டார். எழுதி வைத்திருந்த காவல் வேலை உத்தரவைக் கிழித்துப் போட்டார். புதிதாக ஒரு உத்தரவு எழுதினார்: வண்டிக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். அதன் பிறகு வாரம் ஒரு முறை, கிணற்றுத் தண்ணீரில் மட்டும் கழுவ வேண்டும். டிரைவர் மாற்றம் இல்லை.

வேன் வாலாஜாவில் ஒரு பெயிண்ட் பட்டறைக்குப் போன மறுநாள், என் மேசையில் பளபளாவின் விடுப்பு விண்ணப்பம் இருந்தது. நான்கு நாள். நெருங்கியவர் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாததால் உடனிருக்க வேண்டுமாம். விடுப்பில் தங்கும் விலாசம் என்ற இடத்தில், பெயிண்ட் பட்டறை, வாலாஜா என்று எழுதியிருந்தார்.

நான்கை ஆறாகத் திருத்திக் கையெழுத்திட்டேன். பெயிண்ட் நன்றாகக் காய வேண்டுமே.