முற்றல் வெண்டைக்காய் போட்ட விருந்து

பிச்சாட்டூர்,
சித்திரை 14, 1960

ஊத்துக்கோட்டை ஸ்ரீமான் கன்னையா அவர்கள் சமூகத்துக்கு, பிச்சாட்டூர் காய்கறித் தோட்டம் உமாபதி கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், வீட்டார், இரண்டு மாடு, கிணறு எல்லாம் சுகம். அவ்விடம் தங்கள் வயிறு சுகந்தானா என்று அறிய ஆவல். சம்பந்தி என்று எழுதத்தான் கை வருகிறது. தாங்கள் பெண் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போய் ஒன்பது நாளாகியும் பதில் இல்லாததால் அடக்கிக்கொள்கிறேன்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குழம்பு வெண்டைக்காயிலிருந்து தாங்கள் நாரை உருவி உருவி இலை ஓரத்தில் வரிசையாக வைத்ததைப் பார்த்தேன். தங்கள் தங்கை மனோரமா கத்தரிக்காயில் கண்டெடுத்ததைச் சீரகம் என்று நான் சொன்னது பொய். அது புழு. நன்றாக வெந்திருந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. தாங்கள் நெல் விளைவிப்பவர். நல்ல நெல்லைக் குதிரில் வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்பீர்கள். காய்கறிக்காரன் வீட்டில் அது தலைகீழ். பிஞ்சாக, நேராக இருப்பதெல்லாம் சந்தைக்கு. முற்றியது, பூச்சி அரித்தது, நேராக வளர நுனியில் கட்டின கல் அறுந்து சுருண்டுபோன புடலங்காய், இதெல்லாம் அடுப்பங்கரைக்கு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் சம்சாரம் சுந்தரம்மா ஒரு பிஞ்சுக் கத்தரிக்காயை அரிந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு விடிகிற நேரத்தில் நானே பறித்து, ஒரு கூடை பிஞ்சை வாழையிலை போட்டு மூடி, இது விருந்துக்கு என்று இரண்டு தரம் சொல்லி அடுப்பங்கரை வாசலில் வைத்துவிட்டு, தங்களை எதிர்கொள்ள பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மதராஸ் ராஜ்யத்தில் படுத்தவன் மறுநாள் ஆந்திராவில் எழுந்தேன், பாயை விட்டு நகராமலே. அதிலிருந்து ஊத்துக்கோட்டைச் சந்தைக்குப் போகிற வண்டி எல்லையில் நின்று நின்று போகவேண்டியிருக்கிறது. முன்பு சாவகாசமாக வந்த வண்டிக்கார சிட்டிபாபு இப்போது வெயில் ஏறுமுன்னே வந்து ஏத்து ஏத்து என்று உயிரை வாங்குகிறான். பழகின கை அல்லவா, அந்த அவசரத்தில் சுந்தரம்மா நல்ல கூடையை வண்டியில் ஏற்றிவிட்டாள். இலையில் பரிமாறும்போதுதான் எனக்கே தெரிந்தது. அவளைக் கேட்டால் நான் ஏத்தல என்று சாதிக்கிறாள். சிட்டிபாபுவைக் கேட்டால் தனக்குத் தெரியாது என்பதைத் தெலுங்கில் "நாக்கு தெலீது" என்கிறான். போன மாதம் வரை அவனுக்குத் தமிழில்தான் ஒன்றும் தெரியாது.

ஆகவே குற்றம் சுந்தரம்மாவுடையது, சிட்டிபாபுவுடையது, எல்லைக் கோடு போட்டவர்களுடையது. என் பெண் யசோதாவுக்கு இதில் பங்கே இல்லை. இருந்ததை ஆக்கினாள், அவ்வளவுதான். தங்கள் பிள்ளை கோவர்த்தனன் அதே குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அவருடைய மரியாதை. நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாயிருக்கிறது. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போன பெண், ஐயா. இதுவும் போய்விடுமோ என்று பயமாயிருக்கிறது. இன்னொரு தரம் வாருங்கள். இந்தத் தடவை கூடையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

பெரியவர்களுக்கு நமஸ்காரமும், சின்னவர்களுக்கு ஆசீர்வாதமும், தங்கள் தங்கைக்குத் தனியாக மன்னிப்பும்.

இப்படிக்கு,
உமாபதி

பி.கு.: உறையை ஒட்டுமுன் யசோதாவுக்குப் படித்துக் காட்டினேன். கூடையை ஏற்றியது அம்மா இல்லையாம், இவளாம். "ஒரு நாளைக்கு நல்லதா ஆக்கிப் போட்டு ஏமாத்தச் சொல்றியா நைனா? நாம தெனம் துன்றத அவங்களும் துன்னு பாக்கட்டும்னுதான் ஏத்தி அனுப்பிட்டேன். அந்தப் புள்ள நார மென்னுக்கினே இன்னொரு கரண்டி கேட்டாரு. எனக்கு அவரு போதும்" என்கிறாள். எனவே மேலே கேட்ட மன்னிப்புகளில் மனோரமாவுக்குக் கேட்டதைத் தவிர மற்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் பெண்ணுக்குப் பிள்ளையைப் பிடித்திருக்கிறது. மாமனாரைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. அடுத்த தடவை நாரை இலையில் எடுத்து வைக்காமல் சாப்பிடவும்.