எடுக்காத போனும் உடைந்த பூட்டும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம். என் வாசற்கதவு நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் பேரக் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் போன வாரத்தோடு தீர்ந்தது. இது நியாயம் கேட்கும் கடிதம்.

வயதானவர்களுக்கு நகராட்சி இலவசமாகச் செய்கிற உதவிகள் எல்லாவற்றிலும் என் பெயரைப் பதிந்தது நீங்கள்தான் என்று மகள் சொன்னாள். நான் கேட்டேனா? மதியச் சாப்பாடு வண்டியில் வருகிறது, உப்பில்லாமல். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்துவிட்டுப் போனார்கள். அதில் துண்டு காயப்போடுகிறேன். காலமெல்லாம் கம்பம் ஏறி டெலிபோன் கம்பி இழுத்தவனுக்குக் குளிக்கப் பிடிமானமா? போகட்டும், பொறுத்தேன். அந்தக் காலை நேரப் போனைத்தான் பொறுக்க முடியவில்லை.

தினமும் ஒரு பெண் போன் செய்து நலமா என்று கேட்பாளாம். மாப்பிள்ளை, இந்த ஏற்பாடு எங்கள் வீட்டில் எப்போதோ இருந்தது. உங்கள் அத்தை இருந்த காலத்தில், கம்பத்திலிருந்து இறங்கியதும் கையிலிருக்கும் சோதனை போனைக் கம்பியில் மாட்டி வீட்டுக்கு அடிப்பேன். இரண்டு தடவை மணி அடிக்கும், அவ்வளவுதான், வைத்துவிடுவேன். அவள் எடுக்க மாட்டாள். மணி அடித்தால் ஆள் பத்திரமாகத் தரையில் நிற்கிறான் என்று அர்த்தம், அடுப்பைப் பற்றவைப்பாள். மழை நாளில் மட்டும் போன் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாளாம். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். நான் வரும்போது முக்காலி சமையலறையில் இருக்கும், அவள் ஒன்றும் நடக்காத மாதிரி "ஏன் இவ்வளவு நேரம்?" என்பாள்.

அதனால் போன் அடித்தபோது நான் எடுக்கவில்லை. இந்தப் பெண் இரண்டோடு நிறுத்தவில்லை, அடித்துக்கொண்டே இருந்தாள். சின்னப் பெண், கை பழகவில்லை என்று நினைத்துக் காபியை ஆற்றினேன். மறுபடி அடித்தது. பரவாயில்லையே, ரொம்ப அக்கறையா விசாரிக்கிறாளே என்று குளிக்கப் போய்விட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் கதவைத் தட்டினது காதுல விழல. இடுப்புல துண்டோட வெளிய வந்தா, கூடத்துல ஒரு பூட்டுக்காரனும் நகராட்சி நர்ஸம்மாவும் நிக்கிறாங்க. நான் என் கையால் பொருத்தின பூட்டு தரையில கிடக்கு. போனை எடுக்கலன்னா ஆள் உள்ளே விழுந்து கிடக்கிறான்னு அர்த்தமாம்.

"தாத்தா, போன் அடிச்சா எடுக்க மாட்டீங்களா?"

"நல்லா இருக்கிறவன் எதுக்கும்மா எடுக்கணும்?"

நர்ஸம்மா என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். "நாடி சரியாத்தான் இருக்கும், தலையைப் பாருங்க" என்றான் பூட்டுக்காரன்.

மறுநாள் நானே போனை எடுத்து, அந்தப் பெண்ணுக்கு இரண்டு மணிக் கணக்கைப் புரிகிற மாதிரி விளக்கினேன். "ஐயா, எங்களுக்கு உங்க குரல் கேக்கணும், அதான் சட்டம்" என்றாள். எனக்கா சட்டம் சொல்கிறாள்? அவள் பேசுகிற கம்பியே நான் இழுத்ததாக இருக்கும்.

இதற்கிடையில் உங்கள் வீட்டுக்காரி, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு எங்களோட வந்துடுங்கப்பா" என்கிறாள். உங்கள் வீடு நல்ல வீடுதான். ஆனால் அங்கே எல்லோரும் போனைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறீர்கள். என் போன் உங்கள் அத்தை முக்காலி போட்ட இடத்தில் இருக்கிறது. நான் வர மாட்டேன். எனவே தயவுசெய்து காலைப் போனிலிருந்து என் பெயரை அடித்துவிடவும். முடிந்தால் சாப்பாட்டில் உப்புப் போடச் சொல்லவும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். மகளிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கள். கொஞ்சம் இருக்கிறது என்றும் சொல்லலாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் இதை எழுதுகிறேன். இன்று மழை. வழக்கமான நேரம் தாண்டியும் போன் வரவில்லை. லைன் செத்துவிட்டதா என்று எடுத்துப் பார்த்தேன், உயிரோடுதான் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சோ என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன். கடைசியில் அடித்தது. இரண்டே மணி அடித்து நின்றுவிட்டது. நான் எடுக்கவில்லை. பிறகு மறுபடி அடித்தது. எடுத்தேன். "முதல்ல அடிச்சது உங்க கணக்குக்கு, இது எங்க ஆபீஸ் கணக்குக்கு. மழையில பஸ் லேட்டு ஐயா. நல்லா இருக்கீங்களா?" என்றாள். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

பெயரை அடிக்க வேண்டாம். மகள் கேட்டால் நீங்களாகவே விட்டுவைத்ததாகச் சொல்லுங்கள். முக்காலியைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.