துண்டுக்குள் ஐந்து விரல்

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் அழகரை ஒரே இடத்தில் உட்கார வைத்து, ஒரு தட்டுச் சோறு முழுசாகச் சாப்பிட வைத்துக் காட்டுகிறேன் என்று முத்துராமலிங்கம் சபதம் போட்டது திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அப்போது அழகர் கட்டிலுக்கு அடியில் இருந்தான். வாயில் அரை மணி நேரமாக அதே ஒரு துண்டு இட்லி.

அழகருக்கு வயது இரண்டரை. அவனுக்குச் சோறூட்டுவது வேளைக்கு ஒன்றரை மணி நேரத்துக் காரியம். அவன் அம்மா ஒச்சம்மாள் அவனை ஓர் இடுப்பிலும் கிண்ணத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு கொச்சியின் மட்டாஞ்சேரித் தெருவெல்லாம் சுற்றுவாள். படகுத்துறையில் ஒரு வாய். சுக்குக் குடோன் வாசலில் ஒரு வாய். வழியில் ஆடு வந்தால் ஆட்டுக்கு நாலு வாய். வீடு திரும்பும்போது கிண்ணம் காலியாக இருக்கும். அந்தத் தெருவில் ஆடுகளுக்குக் குறைவில்லை.

முத்துராமலிங்கம் மிளகுத் தரகர். வாங்க வந்தவனை வாங்காமல் திருப்பி அனுப்பியதில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையைச் சொல்ல அவருக்குச் சந்தர்ப்பமே தேவையில்லை.

"புள்ள வளக்கிற லட்சணமா இது? சோத்தத் தூக்கிக்கிட்டு ஊரு பூரா ஊர்வலம்!"

"நீங்க வேணா ஒக்கார வச்சு ஊட்டிப் பாருங்களேன்."

"ஊட்டுறதென்ன, அவனாவே திம்பான். எங்கிட்ட ஒரு வாரம் விடு. எத்தனை சேட்டுகள மடக்கியிருக்கேன்! இவன் ரெண்டு முழம்."

"முடியலைன்னா?"

அவள் அதை இவ்வளவு சீக்கிரம் கேட்டிருக்கக் கூடாது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடந்திருந்தாலும் இந்தக் கதை இல்லை.

அந்த வீட்டில் அரிசி ஒரு பெரிய விஷயம். உசிலம்பட்டிக்காரரான முத்துராமலிங்கம் கொச்சிக்கு வந்து பத்து வருஷமாகிறது. சாயா குடிப்பார், புட்டு தின்பார், கப்பைக் கிழங்கைக்கூட மன்னித்துவிட்டார். ஆனால் இங்கத்துச் சிவப்புக் குண்டரிசி மட்டும் ஆகாது. "அது சோறு இல்ல, சரளைக்கல்லு" என்பார். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒச்சம்மாள் பஸ் ஏறிக் கம்பத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் வெள்ளை அரிசி கொண்டுவர வேண்டும். எல்லை தாண்டி அரிசி கொண்டுவரக் கெடுபிடி இருந்த காலம் அது. தலையணை உறை இரண்டில் அரிசியைக் கொட்டித் தைத்து, அதன் மேல் அழகரைப் படுக்கப் போட்டுத் தட்டிக்கொண்டே சோதனைச் சாவடியைத் தாண்டுவாள். போன தடவை சாவடிக்காரர் தலையணையை ஒரு குத்துக் குத்திவிட்டு, "பஞ்சா?" என்று கேட்டார். "பழைய பஞ்சுங்க, கட்டிதட்டிப் போச்சு" என்றாள். குமுளி இறங்கி வெகுதூரம் வரைக்கும் தலையணையை விட்டுக் கையை எடுக்கவில்லை. இனிமேல் அந்த வழியே வேண்டாம் என்று அன்றைக்கே புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"முடியலைன்னா நீ ஆக்கிப் போடுறத மறுபேச்சுப் பேசாமத் திங்கிறேன். குண்டரிசியா இருந்தாலும் சரி."

"அவன் சாப்பிட்டுட்டா?"

"கம்பத்து அரிசி வந்துக்கிட்டே இருக்கணும். அவனுக்கு மீச மொளைக்கிற வரைக்கும். மூச்சுக் காட்டக் கூடாது."

"சரிங்க" என்று ஒச்சம்மாள் இட்லித் துணியைப் பிழியப் போய்விட்டாள்.

முதல் நாள் அதட்டிப் பார்த்தார். அழகர் திருப்பி அதட்டினான். அத்தோடு திங்கட்கிழமை முடிந்தது.

செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. பையன் வீட்டிலேயே கிடக்கிறான், நாலு பேர் வாயை அசைப்பதைப் பார்த்தால்தானே அவனுக்கும் ஆசை வரும்? குடோனுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே சரக்குப் பார்க்கிற வேளை. ஒருவர் சாக்கில் கைவிட்டு நாலு மிளகை எடுத்துக் கடித்தார், கண்ணை மூடி யோசித்தார், துப்பினார். அடுத்தவர் கடித்தார், துப்பினார். ஆறு பேர் கடித்தார்கள், ஆறு பேரும் துப்பினார்கள். அழகர் கண் கொட்டாமல் பார்த்தான். பையனுக்குத் தொழிலில் பிடிப்பு வந்துவிட்டது என்று முத்துராமலிங்கம் பூரித்துப்போனார்.

மத்தியானம் தட்டைப் போட்டதும் அழகர் தானாகவே வந்து உட்கார்ந்தான். தானாகவே ஒரு பிடி சோற்றை எடுத்து வாயில் போட்டான். முத்துராமலிங்கம் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அழகர் மென்றான். கண்ணை மூடினான். யோசித்தான். சுவரைப் பார்த்துத் துப்பினான். பிறகு முட்டையைக் கடித்துத் துப்பினான். வாழைப்பழத்தைக் கடித்துத் துப்பினான்.

"என்னங்க பண்றான்?"

"சரக்குப் பாக்குறான்."

"எதுவும் தேறலையாக்கும்?"

முத்துராமலிங்கம் சுவரைத் துடைத்தார்.

புதன்கிழமை அழகரின் தட்டில் சிவப்பாக எதுவோ இருந்தது. "குண்டரிசியா?" என்று பதறினார்.

"பக்கத்து வீட்டு ஜொஹரா பீவிகிட்ட வாங்கி வடிச்சேன். இவன் திங்கவா போறான்? துப்பத்தானே போறான். அதுக்கு எதுக்குக் கம்பத்து அரிசிய வீணாக்கணும்? பானையில கொஞ்சந்தான் கெடக்கு. அத உங்களுக்கு வச்சிருக்கேன்."

நியாயமாகத்தான் பட்டது. இப்படிப்பட்ட மனைவி வாய்த்தது தன் அதிர்ஷ்டம் என்றுகூட நினைத்தார். அழகர் அன்றைக்கு அதையும் கடித்துத் துப்பினான்.

வியாழக்கிழமை கடைசி ஆயுதத்தை எடுத்தார். பேரம். குடோனில் பெரிய பேரமெல்லாம் வாயால் நடப்பதில்லை. இருவர் கையின் மேலும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. பிடித்த பிடிதான் பேச்சு. அப்புறம் மாற்றுகிறவனுக்கு மறுநாள் சந்தையில் யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

முத்துராமலிங்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே அழகரை உட்கார வைத்து, கைகளின் மேல் துண்டைப் போட்டார். அழகருக்கு இது பிடித்துவிட்டது.

"இந்தா பாரு அழகரு. நீ ஒரு வாய் தின்னா அப்பாவும் திங்கிறேன். அப்பா எத்தன வாய் திங்கணும்? வெரலப் பிடி."

ஒன்றைப் பிடிப்பான் என்று கணக்கு. அழகர் துண்டுக்குள் துழாவி, கிடைத்த ஐந்தையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தான்.

"எத்தனங்க?" என்றாள் ஒச்சம்மாள், அடுப்படியிலிருந்து.

"அது... சின்னப் பய, தெரியாம அஞ்சப் பிடிச்சிட்டான்."

"துண்டுக்குள்ள பிடிச்சது பிடிச்சதுதான்னு நீங்கதான சொல்லுவீங்க?"

தரகனுக்கு உயிரைவிடப் பேச்சுப் பெரிது. முத்துராமலிங்கம் மகன் தட்டிலிருந்த குண்டரிசிச் சோற்றைச் சாளை மீன் குழம்பில் பிசைந்து ஐந்து வாய் விழுங்கினார். முதல் வாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஐந்தாவது வாய்க்கு வரவில்லை. அழகர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வாயைத் திறந்தான். ஒரு வாய் வாங்கினான். மென்றான். விழுங்கினான்.

ஒச்சம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அழகர் மறுபடி துண்டுக்குள் கையை விட்டான். மறுபடி ஐந்து. அன்றைக்கு எட்டுப் பேரம் நடந்தது. அழகர் எட்டு வாய் சாப்பிட்டான். முத்துராமலிங்கம் நாற்பது வாய் சாப்பிட்டு, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு மல்லாந்தார். கம்பத்து அரிசி பானையில் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு தந்திரம் செய்தார். நாலு விரலை மடக்கிக்கொண்டு துண்டுக்குள் ஒன்றை மட்டும் நீட்டினார். அழகர் தடவிப் பார்த்தான். சந்தேகப்பட்டான். துண்டை விலக்கிப் பார்த்தான். எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். துண்டை விலக்கிப் பார்க்கிற அளவுக்கு முத்துராமலிங்கத்தை இதுவரை எந்தச் சேட்டும் சந்தேகித்ததில்லை. அவர் கட்டிலுக்கு முன்னால் குப்புறப் படுத்து, ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, கெஞ்சிக் கூட்டிவந்தார். சனிக்கிழமை எந்தத் தந்திரமும் செய்யவில்லை.

ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டரைக்கு அழகர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் தட்டைக் காலி செய்தான். காலித் தட்டை முத்துராமலிங்கம் கவிழ்த்துக் காட்டினார்.

"பாத்தியா? ஜெயிச்சாச்சு! நாளைக்குக் காலம்பற மொத பஸ்ஸு. கம்பம்!"

"ஆமாங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றாள் ஒச்சம்மாள். முகத்தில் வருத்தம் கொஞ்சமும் இல்லை. அப்போது ஜொஹரா பீவி அரிசி கொடுத்த தன் பாத்திரத்தை வாங்கிப் போக வந்தாள்.

"எந்தா சேட்டா, மோன் சோறு தின்னானா?"

"ஒரு தட்டு! இந்தக் கையால பழக்கினேன்."

"பழக்கணுமா? மோன் ஒரு மாசமா எங்க வீட்லதானே தின்னுறான். பதினோரு மணிக்கு ஒரு தடவ, நாலு மணிக்கு ஒரு தடவ. இந்தக் குண்டரிசிச் சோறு, சாளைக் கறி. புதன்கிழமை முதல் கொடுக்க வேண்டான்னு ஒச்சம்மா சேச்சி சொன்னா. பாவம், பசிச்சிருக்கும்."

ஜொஹரா பீவி பாத்திரத்தோடு போனாள். முத்துராமலிங்கம் திரும்பினார்.

"ஏ புள்ள, இவன் குண்டரிசி திம்பான்னு ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்ங்க."

"அப்பத் தோத்துப் போவோம்னும் தெரியுமே? அப்புறம் எதுக்குப் பந்தயத்துக்கு ஒத்துக்கிட்ட?"

"நீங்க ஜெயிக்கட்டுமேன்னுதான்."

"ஜெயிச்சேன்ல? அப்பக் கம்பத்து அரிசி வரணும்."

"தாராளமா. பானையில இருக்கிறத நீங்க தின்னு தீத்ததும் அன்னைக்கே பஸ் ஏறுறேன். ஆனா அழகரு இனிமே நீங்க அஞ்சு வாய் தின்னாத்தான் ஒரு வாய் திம்பான். அவன் திங்கிறது குண்டரிசி. நீங்க திங்க மாட்டேன்னா அவனும் திங்க மாட்டான். அவன் திங்கலைன்னா நீங்க பழக்கினேன்னு சொன்னது பொய்யாப் போயி, நீங்க தோத்துட்டீங்க. தோத்தா நான் ஆக்கிப் போடுறதத்தான திங்கணும்?"

முத்துராமலிங்கம் இதை முன்னாலிருந்து யோசித்தார். பின்னாலிருந்து யோசித்தார். எந்தப் பக்கம் போனாலும் குண்டரிசிதான் நின்றது. இருந்தாலும் தரகர் அல்லவா, விட்டுக்கொடுக்க மனமில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

திறந்த வாயில் ஒச்சம்மாள் ஓர் உருண்டையை வைத்தாள்.