என் மனைவி என்னைப் பாராட்டியது குறித்த புகார்

பெருமதிப்பிற்குரிய பேராசிரியை அம்மா அவர்களுக்கு,

தங்களிடம் உளவியல் ஆராய்ச்சி செய்யும் மாணவியின் தகப்பன், ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தாங்களும் தங்கள் துறையும் நலமாக இருக்க விரும்புகிறேன். துறையைப் பற்றிய விருப்பம் மட்டும் போகப்போக மாறலாம்.

போன மாதம் ஓய்வுபெற்று வீட்டோடு வந்துவிட்டேன். வந்த சில நாளிலேயே என் மனைவி என்னைப் பாராட்டத் தொடங்கினாள். குழாய்க்கு வாஷர் மாற்றினேன், "உங்க கை பட்டாலே தனிதாங்க" என்றாள். துணி மடித்தேன், "கடைக்காரன் தோத்தான் போங்க" என்றாள். கல்யாணமான நாள் முதல் "ம்" என்பதைத் தாண்டிப் பாராட்டு வாங்கியறியாத மனுஷன் நான். தலைகால் புரியவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக்கூடக் கழற்றி மாட்டினேன். அதற்கும், "காத்து இப்பதான் காத்து மாதிரி வருது" என்றாள்.

அப்புறம்தான் மாடிப்படியில் மகள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது: "தினமும் உங்க வீட்டுக்காரரைப் பாராட்டணும் ஆன்ட்டி. அவர்கிட்ட மாற்றம் வருதான்னு பாப்போம். ஆராய்ச்சின்னு அவருக்குத் தெரியவே கூடாது. எங்கம்மாவும் இதுல இருக்காங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? யாராவது என்னிடம் ஒரு வார்த்தை சம்மதம் கேட்டீர்களா? எலிக்குத் தான் சோதனை எலி என்று தெரியாது; எனக்குத் தெரிந்துவிட்டதே! இருந்தாலும் ஆதாரமில்லாமல் பேசக் கூடாது என்று நானே ஒரு சோதனை வைத்தேன். லிஃப்டில் பழுதைக் கண்டுபிடிக்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். அதன்படி, மற்றதெல்லாம் வழக்கம்போல இருக்க, ஒரு நாள் முழுக்க எந்த வேலையும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "நீங்க சும்மா உட்கார்ந்திருந்தாலே வீடு நிறைஞ்சிருக்கு" என்றாள். வேலையே செய்யாதவனுக்குப் பாராட்டு என்றால், அது சொல்லிக்கொடுத்த பேச்சுத்தானே? வேறென்ன காரணம் இருக்க முடியும்? நிரூபணமாகிவிட்டது.

"போதும் உன் நடிப்பு. எல்லாம் எனக்குத் தெரியும்" என்று போட்டு உடைத்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். நேற்றிலிருந்து மேஜைக்கு டீ வருகிறது, பேச்சு வருவதில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவர் என்ன பேசுவார்? ஆனால் மறைக்காமல் சொல்கிறேன் அம்மா, அந்தப் பொய்ப் பாராட்டு இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. எனவே இனி எந்தக் குடும்பத்தையும் இப்படி நடுத்தெருவில் விடாமல் இருக்க ஆவன செய்யவும்.

தங்களுக்கும், என் மகள் வாங்கப்போகும் பட்டத்துக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சோதனைக்குள்ளான தகப்பன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மகள் வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அப்பா! அம்மா ஒப்பீட்டுக் குழுல இருக்காங்க. அந்தக் குழுவுக்கு ஒண்ணுமே சொல்லித்தர மாட்டோம். வழக்கம்போல இருங்கன்னு மட்டும்தான் சொன்னேன்." பிறகு எதற்குப் பாராட்டினாள் என்று கேட்டேன். "இத்தனை வருஷம் நீங்க வீட்ல எங்கே இருந்தீங்கப்பா? அம்மாவுக்குப் பாராட்ட நீங்க இப்பதானே கிடைச்சீங்க" என்றாள்.

அம்மா, மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. கணவன்மார் மனைவியைப் பாராட்டும் ஆய்வு ஏதாவது நடந்தால் தயவுசெய்து என்னைச் சேர்த்துக்கொள்ளவும். ஒப்பீட்டுக் குழு வேண்டாம், சொல்லித்தரும் குழுவில்தான் வேண்டும். இப்போதுதான் என் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.