அறுபத்திரண்டு ஃபாலோ அப்

அன்பர்களே, ஒரு வேலையைச் செய்வதற்கும் அதைப் பற்றி விசாரிப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று என்றைக்காவது அளந்து பார்த்ததுண்டா?

தையற்காரம்மா பதினொரு நாளாகத் தாலுகா அலுவலகத்தில் நின்று அளந்துகொண்டிருந்தாள். மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் கிடைத்த இடம் நிலைக்க இருப்பிடச் சான்று வேண்டும். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. சான்று எழுதியாகிவிட்டது, கையொப்பமும் விழுந்துவிட்டது. முத்திரை ஒன்றுதான் பாக்கி. அதுவும் எழுத்தரின் முழங்கைக்கு அருகிலேயே சாவகாசமாக வீற்றிருந்தது.

அந்த அலுவலகத்தில் அண்மையில் 'ஃபாலோ அப்' என்னும் ஆங்கிலச் சொல் எழுந்தருளியிருந்தது. பயிற்சிக்குப் போய்வந்த மேலதிகாரி, "வேலை முடியும்வரை விடாமல் விசாரித்தல்" என்று அதற்குப் பொருள் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். அலுவலர்கள் முதல் இரண்டு சொற்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைச் சிரமேற்கொண்டார்கள். "அந்த மனு என்னாச்சு?" என்று எழுத்தர் கண்காணிப்பாளரை விசாரிப்பார், கண்காணிப்பாளர் மேலதிகாரியை, மேலதிகாரி எழுத்தரை. ஒவ்வொரு விசாரிப்புக்கும் பதிவேட்டில் ஒரு வரி.

"அண்ணே, அந்த முத்திரையை ஒரு தட்டு தட்டுங்களேன்."

"தட்டிடலாம்மா. ஆனா தட்டிட்டா வேலை முடிஞ்சிருமே?"

"முடியணும்னுதானே வந்து நிக்கிறேன்!"

"முடிஞ்சதை எப்படிம்மா ஃபாலோ அப் பண்றது? உங்க மனுவுக்கு மட்டும் அறுபத்திரண்டு. இன்னிக்கு எங்க பிரிவுக்குப் பரிசே அதனாலதான். வாயை வெச்சுக் கெடுத்துராதீங்க."

நாலரை மணிக்கு விழா. மேலதிகாரி பாராட்டுப் பத்திரங்களை ஒவ்வொன்றாக நீட்ட, பதினொரு நாள் அசையாத முத்திரை எழுத்தர் கையில் டப் டப்பென்று துள்ளியது. தையற்காரம்மா மேசையில் கிடந்த தன் சான்றையும் நடுவில் செருகினாள். டப்!

"ஐயையோ, ஒரு வேலை முடிஞ்சுபோச்சே!" என்று கண்காணிப்பாளர் அலறியபோது அவள் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கல்லூரியில் சான்றைக் கொடுத்துவிட்டு, வெற்றிக் களிப்போடு கடைக்குத் திரும்பினாள். வாசலில் பேருந்து ஓட்டுநர் நின்றிருந்தார்.

"அக்கா, என் சீருடைச் சட்டை? மூணு வாரமா நடையா நடக்கறேன். நாளைக்குச் சீருடை இல்லேன்னா வண்டியத் தொட விடமாட்டாங்க."

"உங்க சட்டையா தம்பி? அது ஃபாலோ அப்ல இருக்கு."

சொன்ன பிறகுதான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. சட்டை, பொத்தான் மட்டும் வைக்கவேண்டிய நிலையில், அவள் முழங்கைக்கு அருகிலேயே கிடந்தது. ஊசியில் நூலைக் கோத்தாள்.

அன்பர்களே, உங்கள் முழங்கையருகே கிடப்பது என்ன? அதைப் பற்றி விசாரிக்காதீர்கள். இந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்வதுகூட அப்புறம் ஆகட்டும். எழுந்திருக்கும் முன், இன்றே, அதை முடித்துவிடுங்கள்!