‘ஆணை’ என்ற சொல் விட்டுப்போனது பற்றி

என் அன்புக்குரியவளுக்கு, உன் கோபத்துக்குப் பயந்த கணவன் அதிபர் மாளிகைத் தட்டச்சுப் பிரிவிலிருந்து எழுதுவது.

இங்கு நான் நலம் என்று எழுதுவது முறை, அதனால் நலம். நீ நலமாக இருந்தே ஆகவேண்டும். இதை உனக்கு முன்பே பிரித்துப் படிக்கும் காவல் பிரிவு அண்ணனுக்கும் வணக்கம்.

அதிபரின் காலம் முடிந்த மறுநாளே வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஐந்தே வருடம் என்று அரசியல் சாசனத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறதே என்ற தைரியம். இவரோ, தாம் இருக்கும்வரை மாளிகை ஊழியர் யாருக்கும் விடுப்பு இல்லை என்று ஓர் ஆணை போட்டார், நான்தான் தட்டச்சு அடித்தேன். உங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று நீதிமன்றம் சொன்னதும், உண்டு என்று இன்னோர் ஆணை, அதையும் அடித்தேன். உன் முகம் பார்த்து இரண்டு வருடம் ஆச்சு. இங்கே போர்வை முழுக்க எனக்கே, பிடுங்கிக்கொள்ள ஆளில்லை, தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், நீ இல்லாம முடியல.

போன திங்கட்கிழமை செயலாளர் ஒரு தாளை நீட்டினார். “பதவிக்காலம் முடிந்தாலும் அதிபர் ஆணை செல்லும்.” ஒரே வரி.

“எத்தனை வருஷத்துக்கு சார்? நாடாளுமன்றத்துல கேட்டாச்சா?”

“நாடாளுமன்றத்தைக் கேக்கறதா இருந்தா ஆணை எதுக்குய்யா? அடின்னா அடி.”

அப்படியானால் நான் உன்னைப் பார்ப்பது எப்போது என்று கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில் ‘ஆணை’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். ‘அதிபர் செல்லும்’ என்று வந்தது. நாட்டின் அதிபரை அஃறிணையாக்கலாமா, தப்பில்லையா? ‘செல்வார்’ என்று திருத்தினேன். பிறகு ‘முடிந்தாலும்’ ஒட்டவில்லை, ‘முடிந்ததும்’ ஆக்கினேன். எல்லாம் இலக்கணத்துக்காக. அவர் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. மறுநாள் அரசிதழில் முத்திரையோடு வந்துவிட்டது: “பதவிக்காலம் முடிந்ததும் அதிபர் செல்வார்.” இவர் போட்ட ஆணைகளிலேயே சட்டப்படி செல்லுபடியாவது இது ஒன்றுதான் என்று நீதிபதிகள் சொன்னார்களாம். அதிபர் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறார். என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வேலை போகும், ஆளையே உள்ளே தள்ளினாலும் தள்ளுவார்கள். ஆகவே என்னை எதிர்பார்க்காதே. கவனப்பிழை, உன் நினைப்பால் வந்த பிழை, வேறொன்றுமில்லை.

உன் அம்மாவுக்கு வணக்கம், என்னைத் திட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல். உனக்கு, வயதில் மூத்தவன் என்ற ஒரே தகுதியில், என் ஆசிகள்.

பின்குறிப்பு: இதை எழுதிப் பத்து நாளாகியும் தபாலில் சேர்க்கவில்லை. ஐந்து வருடம் நேற்று முடிந்தது. அதிபர் பெட்டியோடு கிளம்பிவிட்டார், அவரோடு அந்த விடுப்புத் தடையும் போய்விட்டது. கடிதத்தைக் கையிலேயே கொண்டுவந்திருப்பதால் இனி உண்மையைச் சொல்லலாம். பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு சொல்லைக்கூடத் தவறவிட்டதில்லை. சாசனத்தைத் திருத்தத் தட்டச்சருக்கும் அதிகாரம் கிடையாது. நான் திருத்தவில்லை, அதில் இருப்பதை அடித்தேன், அவ்வளவுதான். கதவிடுக்கில் இதைச் செருகிவிட்டு வாசலில்தான் நிற்கிறேன். திற.